விதைக்குள் இருக்கும் காவல்காரன்



மழைக்காலம் பிறந்துவிட்டால் வீட்டில் எதில் பூஞ்சணம் பூக்கும் என்று சொல்ல முடியாது. ஊறுகாய் ஜாடியின் கழுத்து, பீரோவில் தொங்கும் தோல் பெல்ட், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வேர்க்கடலை, குளியலறைச் சுவர் என்று எங்கும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பக்கத்தில் இதைப் 'பஃபூந்தி' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

ஆனால் இதே மழையில், இதே ஈரத்தில், மண்ணுக்குள் போட்ட முள்ளங்கி விதை அழுகாமல் முளைத்து வருகிறதே, எப்படி? மண்ணில் பூஞ்சைகளுக்குப் பஞ்சமே இல்லை. விதையோ மாவும் எண்ணெயும் புரதமும் அடைத்த சாப்பாட்டு மூட்டை. காவல் இல்லாத யார்டில் கோதுமை ஏற்றிய கூட்ஸ் வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும்? மண்ணில் விதைக்கும் அதுதானே நடக்க வேண்டும்? நடப்பதில்லை. அதற்கான காரணத்தைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நான் உயிரியல் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் பூஞ்சைக்கும் எனக்கும் பழைய பகை உண்டு. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பாலங்களிலும் பாயின்ட் இருக்கும் இடங்களிலும் மர ஸ்லீப்பர்கள்தான் அதிகம். மேலே பார்த்தால் கட்டை நன்றாகத்தான் இருக்கும். சுத்தியலால் தட்டினால் பொத்தென்று ஒரு சத்தம் வரும். உள்ளே பூஞ்சை தின்று உளுக்க வைத்திருக்கும். அதனால்தான் எளிதில் உளுக்கும் மரங்களுக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெயை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றுவார்கள். கட்டை உயிரற்றது, எந்த விஷத்தையும் ஏற்றலாம். உயிருள்ள விதைக்கு அப்படிச் செய்ய முடியாது. எதிரியை மட்டும் தடுத்து, தனக்குக் கெடுதல் செய்யாத மருந்து அதற்கு வேண்டும். அந்த மருந்தை விதை தானே தயாரித்து வைத்துக்கொண்டுதான் மண்ணுக்குள் போகிறது.

பூஞ்சை என்றால் என்ன?

பூஞ்சை செடி அன்று. அதற்குப் பச்சையம் இல்லை, தன் உணவைத் தானே சமைக்காது. நூல் போன்ற இழைகளை நீட்டி, நொதிகளை வெளியே கக்கி, எதிரே இருப்பதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். நாம் சாப்பிட்ட பிறகு செரிக்கிறோம். அது செரித்த பிறகு சாப்பிடுகிறது.

எல்லாப் பூஞ்சையும் கெட்டதன்று. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டும் பூஞ்சைதான், பெனிசிலின் தந்ததும் பூஞ்சைதான். ஆனால் கெட்டது செய்யும்போது சிறிய அளவில் செய்வதில்லை. 1942ல் வங்காளத்தில் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் தாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் புயலும் அடித்தது. போரும், விலையேற்றமும், அன்றைய அரசின் போக்கும் சேர்ந்துகொள்ள, 1943ல் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்சத்துக்கு எது முதற்காரணம் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அந்தப் பூஞ்சைக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பயிர் நோய் வல்லுநர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சேர்த்திருந்தது பின்னர் தெரிந்தது. 1974ல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தான் குஜராத் எல்லைப் பகுதியில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடி மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். வீட்டில் வேறு தானியம் இல்லாததால் தின்றார்கள்.

ஏன் மருந்து குறைவு?

பாக்டீரியாவுக்கு எத்தனையோ ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இருக்கின்றன. பூஞ்சைக்கு உள்ள மருந்து வகைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம், பாக்டீரியா நமக்கு மிகத் தூரத்து உறவு. அதன் உடலமைப்பு வேறு, நம் உடலமைப்பு வேறு. அதன் பாகத்தை உடைக்கும் மருந்து நம்மை அவ்வளவாகத் தொடாது. பூஞ்சையோ நமக்குப் பங்காளி முறை. நம் உயிரணுவில் இருப்பதைப் போலவே அதன் உயிரணுவிலும் உட்கரு உண்டு, பல பாகங்கள் ஒரே மாதிரி. அதை அடித்தால் நமக்கும் வலிக்கும்.

இருக்கும் கொஞ்ச மருந்துக்கும் பூஞ்சை பழகிக்கொண்டு வருகிறது. படர்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 'தாத்' என்பார்கள். முன்பெல்லாம் இரண்டு மூன்று வாரம் களிம்பு தடவினால் போய்விடும். இப்போது நம் குடியிருப்பிலேயே மாதக்கணக்கில் அவதிப்படும் வீடுகள் எனக்குத் தெரியும். டெர்பினாஃபின் என்ற மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சை வகை நம் நாட்டில் பரவி, பல நாடுகளுக்கும் போயிருக்கிறது. 2020ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்படும்படியான விஷயமன்று. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில், மனிதருக்கு ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டு, புது மருந்து தேடுங்கள் என்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

அந்தத் தேடலில் ஒரு பகுதி விதைகளின் பக்கம் திரும்பியிருக்கிறது.

முள்ளங்கி விதை சொன்ன சேதி

கோதுமை மாவில் உள்ள ஒரு சிறு புரதம் நுண்ணுயிர்களைக் கொல்கிறது என்று 1942லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். ஆனால் துறை சூடு பிடித்தது 1990க்குப் பிறகுதான். பெல்ஜியம் நாட்டில் லூவன் என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில், ஃபிராங்கி டெராஸ், வில்லெம் புரூக்கார்ட் முதலானோர் 1992ல் முள்ளங்கி விதையிலிருந்து இரண்டு சிறு புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். இப்படிப்பட்ட சிறு புரதத்தைப் பெப்டைடு என்பார்கள். 1995ல் இந்த இனத்துக்குத் தாவர டிஃபென்சின் என்று பெயர் வைத்தார்கள். காப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். மனித உடம்பிலும் டிஃபென்சின்கள் உண்டு. அவற்றோடு உள்ள ஒற்றுமையால் வந்த பெயர் இது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் 574 மணிகள். முள்ளங்கி டிஃபென்சினில் 51 மணிகள்தான். நம்மில் பலருக்குப் பழக்கமான இன்சுலினிலும் சரியாக 51 மணிகள் உண்டு. அது இரண்டு சரமாக இருக்கும், இது ஒற்றைச் சரம்.

மாலை தளர்ந்து கிடந்தால் பயன் இல்லை. அந்த 51 மணிகளில் 8 மணிகள் சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள மணிகள். இவை இரண்டு இரண்டாக இணைந்து 4 கட்டுகள் போடுகின்றன. இரண்டு தண்டவாளத்தை ஃபிஷ்பிளேட் வைத்துப் போல்ட் முடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய பொருளில் 4 இடத்தில் முடுக்கியிருப்பதால் அது எளிதில் உருக்குலையாது. சூடு, அமிலம் இரண்டையும் ஓரளவு தாங்கி நிற்கும்.

இனி, விதை இதை எப்போது பயன்படுத்துகிறது என்று பாருங்கள். உலர்ந்த விதைக்குத் தோலே காப்பு. தண்ணீர் குடித்து ஊதி, தோல் கிழிந்து, முளை வெளியே எட்டிப் பார்க்கும் அந்த நேரந்தான் ஆபத்தான நேரம். வாசலைத் திறந்து வைத்தது போல. அந்த நேரத்தில்தான் முள்ளங்கி விதை தன் டிஃபென்சினைச் சுற்றிலும் கசிய விடுகிறது. அப்போது வெளியே வரும் புரதங்களில் சுமார் 30 சதவீதம் இதுதான் என்று லூவன் குழு அளந்து சொன்னது. பூஞ்சை வளர்த்த தட்டில் தோல் கிழிந்த விதையை வைத்தபோது, விதையைச் சுற்றிப் பூஞ்சை வராத ஒரு வளையம் தெரிந்தது. முளை தலை தூக்கும் வரை அந்த வளையம் போதும்.

அது எப்படி வேலை செய்கிறது?

பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு. அதில் குளுக்கோசில்செராமைடு என்ற ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது. முள்ளங்கி டிஃபென்சின் அதைத்தான் போய்ப் பிடித்துக்கொள்கிறது. 2004ல் இதை நிரூபித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கொழுப்பைத் தயாரிக்க முடியாதபடி மாற்றிய பூஞ்சையின் மேல் டிஃபென்சினைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பூட்டைக் கழற்றிவிட்டால் சாவிக்கு வேலை இல்லை அல்லவா? இயல்பிலேயே அந்தக் கொழுப்பு இல்லாத காண்டிடா கிளப்ராட்டா என்ற பூஞ்சையையும் இது தொடுவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். குளுக்கோசில்செராமைடு நம் உடம்பிலும் உண்டு, செடிகளிலும் உண்டு. அப்படியானால் முள்ளங்கி தன்னையே கொன்றுகொள்ளாதா? இல்லை. பூஞ்சையின் கொழுப்பில் அமைப்பு கொஞ்சம் வேறு, நம்முடையதில் இல்லாத ஒரு சிறு கார்பன் கிளை அதில் உண்டு. மனிதரின் கொழுப்பையும் சோயாவின் கொழுப்பையும் வைத்துச் சோதித்தபோது டிஃபென்சின் அவற்றைப் பிடிக்கவே இல்லை. மீட்டர் கேஜ் வண்டி பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஏறாது, அதைப் போலத்தான். பங்காளி வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள அந்தச் சிறு வித்தியாசத்தை விதை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

பிடித்த பிறகு என்ன ஆகிறது? இழைக்குள் கால்சியம் புகுகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. உயிரணுவை அரிக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் உள்ளே பெருகுகின்றன. நேராக ஓடிக்கொண்டிருந்த இழையின் நுனி நின்றுபோய், கட்டை கட்டையாகக் கிளை விடுகிறது. சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்வது மட்டுந்தான் இதன் வேலை என்று முதலில் எண்ணினார்கள். இப்போது, பூஞ்சையின் உள்ளே இருக்கும் இயக்கத்தையே தடம் புரள வைக்கிறது என்கிறார்கள்.

முள்ளங்கியில் இரண்டு புரதம் என்றேனே, அவை இரண்டுக்கும் 51 மணிகளில் 2 மணிகள் மட்டுமே வேறு. அந்த இரண்டு மாற்றத்தால் இரண்டாவதில் நேர்மின்னூட்டம் கூடியிருக்கிறது. அதுவே முதலாவதை விட வலுவானது. 2 போல்ட்டை மாற்றினால் பாலத்தின் பலமே மாறுவதை எங்கள் தொழிலில் பார்த்திருக்கிறோம்.

நம் வீட்டு விதைகள்

முள்ளங்கி மட்டுமல்ல. கறுப்பு மிளகு போல உருண்டு விழும் அந்திமந்தாரை விதையில் 36, 37 மணிகள் உள்ள இரண்டு பெப்டைடுகள் உண்டு. நவராத்திரி விரதத்துக்கு இங்கே சாப்பிடும் ராஜ்கிராவின் இனத்தைச் சேர்ந்த ஒரு கீரை விதையில் 29, 30 மணிகளில் இரண்டு. இவை பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருளைப் பிடிக்கின்றன. இறால் ஓட்டில் இருப்பதும் அதே கைட்டின்தான். காசித்தும்பை விதையில் இருப்பவை இன்னும் சிறியவை, 20 மணிகளே.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் வெந்தயத்தின் டிஃபென்சினையும் கடுகின் டிஃபென்சினையும் ஆராய்ந்தார்கள். கடுகின் மரபணுவைச் சேர்த்த புகையிலையும் நிலக்கடலையும் பூஞ்சை நோய்களைக் கூடுதலாகத் தாங்கின என்று 2008ல் வெளியிட்டார்கள். மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், நம் ரஸ்தாளி வாழையை வாடல் நோயிலிருந்து காக்க, பெட்டூனியா பூவின் டிஃபென்சின் மரபணுவைச் சேர்த்து 2012ல் நல்ல பலன் கண்டார்கள். இது விதையிலிருந்து வந்ததன்று, பூவிலிருந்து வந்தது, ஆனால் குடும்பம் ஒன்றுதான். வாடல் நோய் வந்த கொல்லையில் ரஸ்தாளியை மறுபடி வைத்து ஏமாந்த குடும்பங்கள் நம்மில் இருக்கும். அவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தடைகள் என்ன?

இவ்வளவு நல்ல பொருள் ஏன் மருந்துக் கடைக்கு வரவில்லை? முதல் தடை உப்பு. கால்சியம், பொட்டாசியம் போன்ற உப்புகள் இருந்தால் பல டிஃபென்சின்களின் வலு குறைகிறது. நம் ரத்தமோ உப்புக் கரைசல். இரண்டாவது, தயாரிப்புச் செலவு. 4 கட்டுகளும் சரியான இடத்தில் விழுந்தால்தான் வேலை செய்யும். மூன்றாவது ஒவ்வாமை. வேர்க்கடலையின் டிஃபென்சின்களே ஒவ்வாமை தரும் புரதங்களின் பட்டியலில் இருக்கின்றன. நான்காவது, பூட்டைக் கழற்றிய பூஞ்சையைப் பற்றிச் சொன்னேனே, அது ஆய்வுக்கூடத்தில் நடந்தது, வயலிலும் உடம்பிலும் நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் ஒரு பூவின் டிஃபென்சினை நகப் பூஞ்சைக்கு மருந்தாக மனிதர்களிடம் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டாமல் 2022ல் நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான், எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்து சேராது.

வீட்டுக்கு நான்கு வார்த்தை

இதைப் படித்துவிட்டு யாரும் முள்ளங்கி விதையை அரைத்துப் படர்தாமரையில் பூச வேண்டாம். அரைத்த விழுதில் எவ்வளவு இருக்கிறது, என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. புண்ணான தோல் இன்னும் எரியத்தான் செய்யும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. தோலின் எதிர்ப்பு குறைந்து அது பரவும். தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன நாள் முழுவதும் மருந்து போடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பாருங்கள். துண்டும் உடையும் தனித்தனியாக இருக்கட்டும்.

பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலை, சோளம், கொப்பரை எதையும் கழுவிக் காயவைத்துச் சமைக்காதீர்கள். அஃப்ளடாக்சின் சாதாரணச் சமையல் சூட்டில் அழியாது. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள். ஊரிலிருந்து வந்த மூட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே வைக்காமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை

சமையலறையில் இருக்கும் வெந்தயத்தில் 40 எடுத்துக்கொள்ளுங்கள். விதைக்கடை விதை வேண்டாம், அதில் பூஞ்சைக்கொல்லி தடவியிருப்பார்கள். 20 விதைகளைப் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற வைக்கட்டும். மற்ற 20 விதைகளைச் சாதாரணத் தண்ணீரில் ஊற வையுங்கள். இரண்டு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு போட்டு, தனித்தனியாகப் பரப்பி, மூடி வையுங்கள். ஐந்து நாள் தினமும் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்து, எத்தனை முளைத்தன, எத்தனையில் பூஞ்சணம் வந்தது என்று எழுதுங்கள். முடிந்ததும் திறந்து முகராமல், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

இப்போது யோசிக்க மூன்று கேள்விகள்:

1. டிஃபென்சின் சூட்டைத் தாங்கும் என்று படித்தோம். அப்படியிருந்தும் வெந்த விதையில் பூஞ்சணம் வந்தால், அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? (கொதித்த தண்ணீரை எங்கே கொட்டினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். செத்த விதை புதிதாக எதையாவது தயாரிக்குமா என்றும் யோசியுங்கள்.)

2. இந்தச் சோதனை டிஃபென்சின் ஒன்றே விதையைக் காத்தது என்று நிரூபிக்குமா? நிரூபிக்காது என்றால், லூவன் குழு செய்த எந்த வேலையை நாம் செய்யவில்லை?

3. பூஞ்சைக்கு மருந்து தேடுவது பாக்டீரியாவுக்குத் தேடுவதை விடக் கடினம். ஏன்?

விடைகளைத் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்தில்தான் இருப்பேன், சேர்ந்து உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். ஐந்து நாள் குறிப்பையும் மறக்காமல் எடுத்து வரவேண்டும். நான் முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.